கைமாற்ற ஆளில்லாத வீடு

செட்டிநாட்டு வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். கண்டனூருக்குக் கேமராவோடு வருகிறவர்கள் முன்வாசல் தெருவோடு திரும்பிவிடுவார்கள். தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், நிலைக்கதவில் கஜலட்சுமி என்று எடுப்பதற்கு அங்கே ஏகப்பட்டது இருக்கிறது. பின்வாசல் தெருவில் ஒன்றும் கிடையாது. சாக்கடை, கிணற்றடிச் சுவர், ஒரு முருங்கை மரம், கொடியில் காயும் பிள்ளைத் துணி.

நான் போனது பின்வாசல் வழியாக. அந்த வீட்டின் மூன்றாம் கட்டில்தான் என் அப்பத்தா நாற்பது வருஷம் மாவரைத்தார். ஆட்டுரல் இன்னும் அங்கேயே கிடக்கிறது. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலுமாக இருக்கிறார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று ஏதாவது வந்தால்தான் பூட்டைத் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் காவலுக்கு ஒரு குடும்பம், பின்கட்டு அறையில். குடும்பம் என்றால் இப்போதைக்கு ஒரு பெண்ணும் இரண்டு பிள்ளைகளும். மூத்தவனுக்கு நாலு வயது. இளையது பெண், மூன்று மாதம். வீட்டுக்காரன் துபாயில். இரண்டு வருஷ ஒப்பந்தம், போய் ஐந்து மாதம் ஆகிறது.

அவள் பெயர் இந்தக் கட்டுரையில் வராது. “ஊருக்குத் தெரிஞ்சா பரவால்லக்கா, துபாய்க்குத் தெரியக் கூடாது” என்றாள்.

மூன்று வாரத்துக்கு முன் மூத்தவனைத் தோசைக்கரண்டியால் அடித்திருக்கிறாள். தொடையில் கரண்டியின் விளிம்பு அப்படியே விழுந்துவிட்டது. நான் பார்த்தபோது அது பழுப்பு நிறத்தில் வளைந்த கோடாகத் தேய்ந்திருந்தது. பையன் டவுசரைத் தூக்கி, தடுப்பூசித் தழும்பைக் காட்டுவது போல எனக்குக் காட்டினான்.

“அடிச்ச பிறகுதாங்க்கா கரண்டி கையில இருந்ததே தெரிஞ்சுச்சு” என்றாள்.

அன்றைய நாளை அவளிடம் காலையிலிருந்து சொல்லச் சொன்னேன். முதலில் “ஒண்ணுமில்லக்கா, அவன் பாலைக் கொட்டிட்டான்” என்றுதான் சொன்னாள். நம் எல்லோரிடமும் கேட்டால் இப்படித்தான் சொல்வோம். கேட்டுக்கொண்டே இருந்ததில் மீதியும் வந்தது. முந்தின ராத்திரி இளையது விடியவிடிய அழுதிருக்கிறது. பக்கத்துத் தெருக் கிழவி வந்து பார்த்து, “உரம் விழுந்திருக்குத்தா, உனக்குப் பிள்ளையத் தூக்கத் தெரியல” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, குழுக் கடன் தவணை நாள். வசூலுக்கு வருகிற பையன் பதினோரு மணிக்கு வருவான். கையில் இருநூறு ரூபாய் குறைந்தது. ஒன்பது மணிக்குத் துபாயிலிருந்து வீடியோ கால். பிள்ளையைப் பார்த்த உடனே அவன் கேட்டது: “என்ன இப்புடி இளைச்சுப் போச்சு? நீ வீட்ல சும்மாதான இருக்க?” போனை வைத்தாள். அடுப்பில் தோசை. மடியில் இளையது. மூத்தவன் பால் டம்ளரைத் தட்டிவிட்டான்.

பாலைக் கொட்டியதற்கான அடி அல்ல அது. துபாய்க்கும், கிழவிக்கும், தவணைக்கும், தூங்காத ராத்திரிக்கும் சேர்த்து விழ வேண்டியது. அவற்றில் ஒன்றுகூடக் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. பையன் இருந்தான்.

கணக்குப் போனவர்கள்

என் அப்பத்தாவுக்கு இந்தக் கதையில் புதிதாக ஒன்றும் இருந்திருக்காது. இந்த ஊரின் ஆண்கள் ஒரு காலத்தில் கப்பலேறிப் போனவர்கள். பர்மா, மலேயா, சிலோன் என்று வட்டிக்கடைக்குப் போன நகரத்தார் ஆட்கள் மூன்று வருஷக் கணக்குக்குப் போவார்கள். கணக்கு முடிந்து ஊர் வந்து சில மாதம் இருந்துவிட்டு அடுத்த கணக்குக்குக் கிளம்புவார்கள். பெண்சாதியும் பிள்ளையும் ஊரில். ரங்கூனுக்குப் போகும்போது வயிற்றில் இருந்த பிள்ளை, அப்பச்சியை, அதாவது அப்பாவை, முதன்முதலாகப் பார்க்கும்போது ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். யாரோ ஆள் வந்திருக்கிறார் என்று தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

ஆக, புருஷன் இல்லாமல் பிள்ளை வளர்ப்பது செட்டிநாட்டுக்கு நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம். ஆனால் அந்த ஆச்சிமார் தனியாக வளர்க்கவில்லை. அந்த வீட்டின் கட்டுமானமே அதற்கு விடவில்லை. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி ஓர் அறை. கல்யாணமான கொஞ்ச நாளில் ‘வேறு வைப்பது’ என்று ஒரு சடங்கு உண்டு. அதன்பின் அந்தப் புள்ளிக்கு, அதாவது அந்தப் புருஷன் பெண்சாதிக்கு, தனி அடுப்பு, தனி அரிசி, தனிச் செலவுக் கணக்கு. ஆனால் கூரை ஒன்றுதான், வளவும் ஒன்றுதான். பிள்ளைகளுக்கோ எந்த அடுப்பு யாருடையது என்ற வித்தியாசமே தெரியாது. ஒருத்தி அடுப்படியில் பிள்ளை வீறிட்டால் நாலு அடுப்படி எட்டிப் பார்க்கும். அடிக்க ஓங்கிய கையை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

“இங்கிட்டு குடுத்தா” என்பார்களாம். அவ்வளவுதான். ஏன் அடிக்கிறாய் என்ற கேள்வி கிடையாது. அப்பத்தா இதைச் சொல்லும்போது கையை நீட்டிக் காட்டுவார். மாவு காய்ந்த கை.

நம் பேச்சில் ‘கைமாற்று’ என்று ஒரு சொல் இருக்கிறது. பத்திரம் இல்லாமல், வட்டி இல்லாமல், ரெண்டு நாளில் தருகிறேன் என்று வாங்குகிற சின்னக் கடன். வட்டிக்கடை வைத்துப் பிழைத்த ஊரிலேயே இது வட்டியில்லாமல் ஓடியது. அந்த வளவில் பணத்தைவிட அதிகமாகக் கைமாறியது பிள்ளைதான் என்று நினைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் ‘அந்தக் காலம் போல வருமா’ என்று ஆரம்பிக்க வேண்டாம். அந்த வளவுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனைப் பெட்டியடிப் பையனாகக் கப்பலேற்றிவிட்ட ஊர்தான் இது. காசுப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலையும் ஐந்தொகையும் கற்றுக்கொண்ட அந்தப் பையன்கள் எத்தனை குட்டு வாங்கினார்கள் என்று எந்தப் பேரேட்டிலும் பதிவில்லை. நாலு கை இருக்கும் வீட்டில் தூக்க வருகிற கையும் உண்டு, தொடக் கூடாத இடத்தில் தொடுகிற கையும் உண்டு. 2012இல் வந்த போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்குத் தெரிந்தவராகவே இருக்கிறார். கூட்டுக் குடும்பம் அதை வெளியே விடாமல் மூடுவதிலும் கெட்டிதான். குடும்ப மானம் என்று ஒரு தடித்த நிலைக்கதவு அதற்கென்றே இருந்தது.

நான் சொல்வது சின்ன விஷயம். கை ஓங்கிய அந்த நிமிஷத்தில் பிள்ளையை வாங்கிக்கொள்ள இன்னொருவர் இருந்தாரா இல்லையா? அங்கே இருந்தார்கள். அதே வீட்டின் பின்கட்டில் இன்று இருக்கும் இவளுக்கு யாரும் இல்லை. அவளைச் சுற்றி இருபது அறை பூட்டிக் கிடக்கிறது.

முருங்கையும் பிள்ளையும்

அடியில் எது கண்டிப்பு, எது கொடுமை என்று கேட்டால் தமிழில் நம்மிடம் கைவசம் இருப்பவை பழமொழிகள். முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர். அடியாத மாடு படியாது. அடிக்கிற கைதான் அணைக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது, “கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க சார்” என்று வாத்தியாரிடம் முழு அதிகாரம் கொடுத்துவிட்டு வந்த அப்பாக்கள் நம் எல்லாருக்கும் உண்டு.

வாத்தியாரின் பிரம்பைச் சட்டம் பிடுங்கிவிட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில், பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்தது. வீட்டில் அந்தக் கோடு அவ்வளவு தெளிவாக இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 75ஆவது பிரிவில், பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் தாக்கினாலோ, கொடுமைப்படுத்தினாலோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டாலோ மூன்றாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. அதே நேரம் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 89ஆவது பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 27ஆவது பிரிவாகத் தொடர்கிறது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு காப்பாளர் செய்யும் செயல் சில வரம்புகளுக்கு உட்பட்டுக் குற்றமாகாது என்பது அதன் சாரம். நல்லெண்ணம் இல்லாமல் எந்தப் பெற்றோர் அடித்திருக்கிறார்?

2007இல் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டது. மூவரில் இருவர் உடல்ரீதியான கொடுமைக்கு ஆளாகியிருந்தார்கள். அதில் குடும்பத்துக்குள் அடிபட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், 88.6 சதவீதம் பேரை அடித்தவர்கள் பெற்றவர்களே. பதினைந்து வருஷத்துக்கும் முந்தைய கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யுனிசெஃப் 2024இல் வெளியிட்ட உலகக் கணக்கும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்கிறது. ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் பத்துக்கு ஆறு பேர், அதாவது சுமார் 40 கோடிப் பேர், வீட்டில் அடியோ ஏச்சோ வழக்கமாக வாங்குகிறார்கள்.

இத்தனை பேரும் கொடுமைக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் முதல் பெயராக என் பெயரை எழுத வேண்டியிருக்கும். என் மகனுக்கு ஆறு வயது இருக்கும்போது, சென்னை அடுக்குமாடி வீட்டில், ஒரு ஞாயிறு ராத்திரி, கழித்தல் கணக்கில் கடன் வாங்க மறந்ததற்காக அவனை அறைந்தேன். கன்னத்தில் நாலு விரல். மறுநாள் இதழுக்காக முடிக்க வேண்டிய கட்டுரை பாதியில் நின்றது, அவன் அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட், மாமியாருக்குக் கண் ஆபரேஷன். இதெல்லாம் காரணங்கள், நியாயங்கள் அல்ல. அவன் அழவில்லை. ரப்பரை எடுத்து, சரியாக இருந்த விடையையும் சேர்த்து அழித்தான். நான் எழுதியதில் திருத்தம் சொன்ன எந்த ஆசிரியரும் என்னை அப்படிக் கூசவைத்ததில்லை.

ஒரு அடியில் உள்ள ஆபத்து அடுத்த அடி. இன்றைக்குக் கையால் தட்டினால் பிள்ளை அடங்குகிறது. நாளைக்கு அதே தட்டலுக்கு அடங்காது, பழகிவிடும். கொஞ்சம் ஓங்க வேண்டிவரும். பிறகு விசிறிக்காம்பு, அப்புறம் கரண்டி. படுக்கையை நனைக்கிற பிள்ளைக்குச் சூடு, சோறு இறங்காத பிள்ளைக்கு மிளகாய்ப் புகை என்று நம் வீடுகளில் சர்வசாதாரணமாகச் சொல்லப்படுகிற ‘வைத்தியம்’ எல்லாம் இந்தப் படிக்கட்டில்தான் இருக்கிறது. படுக்கையை நனைப்பது பிள்ளையின் திமிர் அல்ல. தூக்கத்தில் அதற்குத் தெரிவதே இல்லை. சூடு வைத்தால் பயம் கூடும், பயம் கூடினால் இன்னும் நனைக்கும்.

மருத்துவ உலகமே இதைப் பார்க்க வெகுநாள் மறுத்தது. 1962இல்தான் அமெரிக்காவின் டென்வர் நகரக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்பேயும் அவர் கூட்டாளிகளும், பிள்ளைகளின் எக்ஸ்ரேயில் தெரிந்த பழைய முறிவு, புதிய முறிவு எல்லாவற்றையும் அடுக்கிவைத்து, இவை வீட்டில் நடந்தவை என்று எழுதினார்கள். அதற்குமுன் டாக்டர்கள் அந்தப் படங்களைப் பார்க்காமல் இல்லை. பெற்றவர்கள் செய்திருப்பார்கள் என்று நினைக்க மனம் வரவில்லை. இன்றும் ஒரு குழந்தை மருத்துவர் உஷாராவது சில இடங்களில்தான். இன்னும் தவழாத பிள்ளைக்குக் கன்றிய காயம். முதுகிலும் காதிலும் தடம். கரண்டி, பெல்ட் என்று பொருளின் வடிவம் தெரியும் புண். விழுந்ததாகச் சொல்லும் கதை காயத்தோடு ஒட்டாதது. காயம்பட்டு இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு வருவது.

மாலை ஐந்து மணி அழுகை

இந்தக் கட்டுரைக்காகப் படித்ததிலேயே, இதை யாராவது பிரசவ வார்டிலேயே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றிய ஒன்று உண்டு. கைக்குழந்தையின் அழுகைக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து அதிகமாக ஆரம்பிக்கும். இரண்டாவது மாதத்தில் உச்சிக்குப் போகும். நாலைந்து மாதத்தில் தானே இறங்கிவிடும். பெரும்பாலும் சாயங்காலத்தில்தான் ஆரம்பிக்கும். பால் கொடுத்தாலும் நிற்காது, தோளில் போட்டாலும் நிற்காது, சில பிள்ளைகள் நாளுக்கு ஐந்து மணி நேரம்கூட அழும். நோய் இல்லாத, நன்றாக வளர்கிற பிள்ளையும் இப்படி அழும். கனடாவின் குழந்தை மருத்துவர் ரொனால்ட் பார் போன்றவர்கள் பல ஆண்டுகள் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

கைக்குழந்தையைப் பிடித்து உலுக்கி மூளையில் ரத்தக்கசிவு வரை போகிற சம்பவங்களும் இந்த அழுகையின் உச்சியை ஒட்டியே கூடுகின்றன. உலுக்குகிறவர்கள் ராட்சசர்கள் அல்ல. நாலு நாள் தூங்காத அம்மாக்கள், அப்பாக்கள், பார்த்துக்கொள்ள வந்த ஆட்கள். பிள்ளையின் கழுத்துக்கு அந்தத் தலையைத் தாங்கும் வலு இல்லை. சில விநாடி போதும்.

நம் ஊரில் இந்த அழுகைக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். உரம் விழுந்திருக்கிறது, கண் பட்டிருக்கிறது, தாய் எதையோ தின்றிருக்கிறாள். சேலையில் போட்டு உருட்டி உரம் எடுக்காதீர்கள், வசம்பைக் கரைத்து ஊற்றாதீர்கள் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்லிச் சலித்துவிட்டார்கள். எனக்கு அந்தப் பெயர்களின் மேல் வேறு ஒரு வருத்தம். எல்லாமே கடைசியில் பெற்றவளின் தப்பாகவே முடிகின்றன. உனக்குத் தூக்கத் தெரியவில்லை, உன் பால் சரியில்லை, நீ சுத்தபத்தமாக இல்லை. தூங்காதவளிடம் போய், உன் பிள்ளையின் அழுகை உன் தோல்வி என்று சொல்வதைவிட அபாயமான வைத்தியம் வேறில்லை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் 359 கர்ப்பிணிகளைப் பேறுகாலம் தாண்டியும் தொடர்ந்து பார்த்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பேறுகால மனச்சோர்வு. அதில் பாதிக்கு மேல் பிள்ளை பிறந்த பிறகு புதிதாக வந்தது. காரணங்களின் பட்டியலை எந்தக் கண்டனூர்க் கிழவியும் படிக்காமலே சொல்லிவிடுவாள். கையில் காசு இல்லாதது, ஆண்பிள்ளை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் தாய்வீட்டோடும் ஒத்துப்போகாதது, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரம். கடைசியாக ஒன்று: கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது.

மனச்சோர்வு உள்ள தாய்மார்கள் பிள்ளையை அடித்துவிடுவார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. பெரும்பாலோர் பிள்ளையை ஒன்றும் செய்வதில்லை, தங்களைத்தான் வருத்திக்கொள்கிறார்கள். ஆனால் தூக்கமின்மை, கடன், குடித்துவிட்டு வரும் புருஷன், அவன் அடிக்கும் அடி, எல்லாம் ஒரே வீட்டில் சேரும்போது அது கடைசியில் வந்து இறங்கும் இடம் அந்த வீட்டிலேயே மிகச் சிறிய முதுகு.

இரண்டு வீடியோ

2021 ஆகஸ்ட் இறுதியில் தமிழ்நாட்டில் போன் வைத்திருந்த எல்லோரும் ஒரு வீடியோவைப் பார்த்தார்கள். விழுப்புரம் மாவட்டம் செஞ்சிப் பக்கத்துக் கிராமம். ஓர் இளம் தாய் தன் சின்னஞ்சிறு பிள்ளையை அடிக்கிறாள். அதைத் தானே பதிவும் செய்திருக்கிறாள். ஆந்திராவில் தாய்வீட்டில் இருந்தவளைப் போலீஸ் போய்க் கைது செய்தது. பிள்ளைக்கு நேர்ந்தது கொடுமை, அதில் இரண்டாம் பேச்சே இல்லை. என்னைத் தொந்தரவு செய்தது அதைப் பார்த்துவிட்டு நாம் செய்தது. பிள்ளையின் ரத்தம் வடிந்த வாயை மறைக்காமல் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பினோம். ‘பேய்’ என்றோம், ‘இவளெல்லாம் தாயா’ என்றோம். அதற்கு முந்தின வாரம் இதே குழுக்களில், ‘அந்தக் காலத்து அடி, இன்றைய ஒழுக்கம்’ என்று பிரம்பு படம் போட்ட வாழ்த்துச் செய்தி வந்திருக்கும்.

2024 ஏப்ரல் 28. சென்னையை அடுத்த திருமுல்லைவாயலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கைக்குழந்தை ஒன்று மேல்மாடி பால்கனியிலிருந்து தவறி, கீழே இருந்த கூரைத் தகட்டின் விளிம்பில் வந்து தங்கியது. அக்கம்பக்கத்தார் கீழே போர்வையை விரித்துப் பிடித்து நிற்க, சிலர் ஜன்னல் வழியே ஏறிப் பிள்ளையை மீட்டார்கள். பார்த்தவர்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அது ஒரு விபத்து. ஆனால் அடுத்த நிமிஷமே ஊர் அந்தத் தாயை விசாரிக்க உட்கார்ந்துவிட்டது. கருத்துப் பெட்டிகளில் அவளைக் கிழித்தார்கள். மூன்று வாரத்துக்குள், கோவை மாவட்டம் காரமடையில் தன் பெற்றோர் வீட்டில் இருந்தபோது அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார்.

முதலாவது குற்றம், இரண்டாவது விபத்து. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. நான் இரண்டையும் பக்கத்தில் வைப்பது நம்மைப் பார்ப்பதற்காக. பெற்றவளுக்கு நாம் சொல்வதற்கு நம்மிடம் இரண்டே வார்த்தைகள் இருக்கின்றன. தடம் தெரியாதவரை ‘அடிச்சாத்தான் படியும்’. தடம் தெரிந்துவிட்டால் ‘பேய்’. நடுவில் ஒரு வார்த்தை கிடையாது. “என்னால முடியல, நான் பிள்ளைய ஏதாவது செஞ்சிருவேனோன்னு பயமா இருக்கு” என்று ஒருத்தி வாய்விட்டுச் சொன்னால் நாம் அவளை எங்கே அனுப்புவோம்? கோயிலுக்கு. அல்லது அவள் அம்மா வீட்டுக்கு, புகாரோடு.

பால் பாக்கெட்

சுவீடன் 1979இல் உலகிலேயே முதலாவதாக வீட்டில் பிள்ளையை அடிப்பதைச் சட்டத்தால் தடுத்தது. அந்தச் சட்டத்தில் தனியாக ஒரு தண்டனையும் இல்லை. பெற்றோரைச் சிறைக்கு அனுப்புவது நோக்கமும் இல்லை. பிள்ளை உள்ள வீடுகளுக்கெல்லாம் ஒரு சிறு புத்தகம் போனது. பால் அட்டைப்பெட்டிகளில் அச்சடித்தார்கள், காலைச் சாப்பாட்டு மேஜையில் பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கட்டும் என்று. இன்று அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அந்த வழிக்கு வந்துவிட்டன. தெற்காசியாவில் நேபாளம் 2018இல் வந்தது.

நம் ஆவின் பாக்கெட்டில் என்ன அச்சடிக்கலாம் என்று யோசித்துப் பார்த்தேன். ‘அடிக்காதே’ என்று போட்டால் பாக்கெட்டை வெட்டும்போதே கிழித்துவிடுவோம். நான் என்றால் இதைப் போடுவேன்: பிள்ளை அழுகிறதா? பால் கொடுத்தாகிவிட்டதா? காய்ச்சல் இல்லையா? அப்படியென்றால் தரையில் பாயை விரித்துப் படுக்கவைத்துவிட்டு, கதவைத் தாண்டி வந்து, பத்து நிமிஷம் வாசலில் உட்காருங்கள். பத்து நிமிஷம் அழுததால் எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆனதில்லை.

இது டாக்டர்களே சொல்கிற யோசனைதான். ஆனால் நம் ஊரில் பிள்ளையை அழவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைத் தெரு சும்மா விடுமா?

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1996இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் முளைத்த 1098 என்ற குழந்தைகள் உதவி எண், 2023 முதல் அரசின் நேரடிப் பொறுப்பில் இயங்குகிறது. பிள்ளையும் கூப்பிடலாம், பக்கத்து வீட்டுக்காரரும் கூப்பிடலாம், அடித்துவிட்டு நடுங்கிக்கொண்டிருக்கும் தாயும் கூப்பிடலாம். மாவட்டந்தோறும் குழந்தைப் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு என்று இருக்கின்றன. மனசு சரியில்லை என்றால் 14416 டெலி மானஸ், அல்லது 104. இரண்டிலும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. கண்டனூர்ப் பெண்ணிடம் இந்த எண்களைப் பற்றிக் கேட்டேன். 108 தெரியும் என்றாள். மற்ற எண் எதுவும் தெரியவில்லை.

கிராம சுகாதாரச் செவிலியர் அவள் வீட்டுக்கு வராமல் இல்லை. மூன்று முறை வந்திருக்கிறார். பிள்ளையின் எடை, தடுப்பூசித் தேதி, தாய்ப்பால் மட்டும்தானா என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அவர் அட்டையில் ஒரு கட்டம் கூட வேண்டும்: நீ நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாய்? நாடெங்கும் வீட்டுக்கு வீடு ஏறி இறங்குகிற இத்தனை பெண்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவது எனக்குப் புரியவே இல்லை.

தோசைக்கரண்டித் தடத்தை முதலில் பார்த்தது அங்கன்வாடியில். பையனைக் கூட்டிப்போக வந்தவளிடம் அங்கிருந்த அம்மா தடத்தைப் பற்றி உடனே எதுவும் பேசவில்லையாம். “நாளையிலேர்ந்து சின்னவளையும் தூக்கிட்டு இங்க வந்து உக்காருத்தா, மத்தியானம் வரைக்கும். நானும் ஒத்தையிலதான் கெடக்கேன்” என்றிருக்கிறார். நாலு நாள் கழித்துத்தான், காய் நறுக்கிக்கொண்டே, “கரண்டியெல்லாம் எடுக்காதத்தா. ஆத்திரம் வந்தா எனக்குப் போனப் போடு” என்று சொல்லியிருக்கிறார். விதிப்புத்தகத்தின்படி அவர் செய்தது சரியா, மேலே தெரிவித்திருக்க வேண்டுமா என்று அதிகாரிகள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தடம் மறுபடி விழுந்திருந்தால், அல்லது அது அந்தக் கைக்குழந்தையின் மேல் விழுந்திருந்தால், போன் போட்டே ஆக வேண்டும், அங்கே தயவு தாட்சண்யத்துக்கு இடமில்லை. விழவில்லை. அந்த அம்மா தினமும் டவுசரைத் தூக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்.

நான் கிளம்புகிற நேரம் சாயங்காலம் ஐந்து மணி. புதுவயல் அரிசி மில் பக்கமிருந்து நெல் அவிக்கிற வாடை வந்துகொண்டிருந்தது. சரியாக அந்த நேரத்துக்குச் சின்னவள் ஆரம்பித்தாள். முதலில் முனகல், பிறகு முகம் சிவந்து, கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு. அவள் தூக்கிப் பார்த்தாள், பால் கொடுத்துப் பார்த்தாள், தோளில் போட்டுத் தட்டிப் பார்த்தாள். தட்டுகிற தட்டில் வேகம் கூடியது எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்தது, சட்டென்று கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இங்கிட்டு குடுத்தா” என்றேன். இதற்குமுன் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சாவி அவளிடம்தான் இருந்தது. இரண்டாம் கட்டைத் தாண்டி வளவுக்குள் போனோம், நானும் பிள்ளையும். மூத்தவன் முன்னால் ஓடினான். இருபது கதவும் சாத்தியிருந்தன. கல்தரை இன்னும் பகல் சூட்டில் இருந்தது. பிள்ளை அழுதுகொண்டே இருந்தாள், நான் நடந்துகொண்டே இருந்தேன். அவள் குரல் மேல்கூரையில் பட்டு எங்களுக்கே திரும்பி வந்தது. பையன் தூண்களை எண்ணினான். பதினொன்றுக்கு மேல் எண்ணத் தெரியாததால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். எத்தனை சுற்று போனோம் என்று தெரியவில்லை. வெளிச்சம் முற்றத்தை விட்டுச் சுவரில் ஏறிவிட்டது.

திரும்பி வந்தபோது அவள் ஆட்டுரலில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அடுப்பில் உலை கொதித்து மூடி துள்ளிக்கொண்டிருந்தது. பையன் “அம்மா” என்று வாயெடுத்தான். உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி வளவுக்குப் போனோம்.